குறட்டை விடும் பிள்ளைக்கு டான்சிலை எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

கேரள எல்லையை ஒட்டிய புளியரையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகனுக்கு ஐந்தரை வயது. ராத்திரி வாயைத் திறந்துகொண்டே தூங்குகிறான். குறட்டைச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கிறது. சில நேரம் மூச்சு நின்றாற்போல் இருந்துவிட்டுத் திடுக்கென்று இழுக்கிறான். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் வருகிறது. புனலூரில் ஒரு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, அடினாய்டு பெரிதாக இருக்கிறது, டான்சில் மூன்றாம் கிரேடு, இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். தென்காசியில் இன்னொரு டாக்டர், வளர வளரத் தானாகச் சுருங்கிவிடும், பொறுங்கள் என்றார். மாமியாரோ, "சதையை அறுத்தா பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தியே போயிரும்" என்கிறார். மூன்று மாதமாக ஹோமியோபதி உருண்டை ஓடுகிறது. இதில் யார் சொல்வதைக் கேட்பது?

நான் காது மூக்கு தொண்டை டாக்டர். செங்கோட்டையில் பிறந்தவள். 20 வருடத்துக்கு மேலாக மலைக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகளையும், ஆரியங்காவு, தென்மலையிலிருந்து வரும் பிள்ளைகளையும் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்வி வாரத்துக்கு நான்கு தடவையாவது என் மேசைக்கு வரும். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு டாக்டர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. உங்கள் மகனுக்கு அதில் எது பொருந்தும் என்பதை எக்ஸ்ரே முடிவு செய்யாது. அவன் தூங்கும் விதம்தான் முடிவு செய்யும். தொண்டைக்குள் டார்ச் அடித்து அடித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, ராத்திரி அரை மணி நேரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் இந்தச் சதை என்ன என்று தெரிந்துகொள்ளலாம். வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கும் டான்சிலுக்கும் சம்பந்தமில்லை. "உள்நாக்கு வளர்ந்திருச்சு" என்று நம் ஊரில் சொல்வது பெரும்பாலும் டான்சிலைத்தான். டான்சில் உள்நாக்குக்கு இரண்டு பக்கமும், புளியங்கொட்டை அளவிலிருந்து பாக்கு அளவு வரை, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அடினாய்டு நம் கண்ணுக்குத் தெரியாது. மூக்குத் துளை பின்னால் போய் முடிகிற இடத்தில், அண்ணத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் சதை அது. இரண்டும் ஒரே இனம்தான். மூச்சிலும் சாப்பாட்டிலும் உள்ளே வரும் கிருமிகளை உடம்புக்கு அடையாளம் காட்டிக் கொடுக்கும் காவல் சதைகள். பால்வாடி, பள்ளிக்கூடம் என்று போக ஆரம்பிக்கும் வயதில் புதுப்புதுக் கிருமிகள் வரும். வேலை கூடும், சதையும் பெருக்கும். மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரைக்கும் இவை உச்சத்தில் இருக்கும். அந்த வயதில் மூக்கும் தொண்டையும் சின்னதாக இருக்கும், சதை மட்டும் பெரிதாக இருக்கும். அதனால்தான் அடைப்பு. எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் முகம் வளர்ந்து இடம் கூடும், சதையும் சுருங்கத் தொடங்கும். வயதுக்கு வரும் காலத்தில் அடினாய்டு பெரும்பாலும் ஒன்றுமில்லாமல் போய்விடும். தென்காசி டாக்டர் சொன்னது இந்தக் கணக்கைத்தான். அதில் தப்பில்லை. ஆனால் அதுவரைக்கும் பிள்ளை எப்படி மூச்சு விடுவான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

என்னிடம் வந்த இன்னொரு தாயின் கதையைச் சொல்கிறேன். கடையநல்லூர்ப் பக்கத்தவர். மலைக்கு அந்தப் பக்கம் காட்டியபோது அங்கே டாக்டர், "கூர்க்கம்வலி உண்டோ?" என்று கேட்டிருக்கிறார். மலையாளத்தில் அது குறட்டை. இவர் காதில் 'வலி' மட்டும் விழுந்திருக்கிறது. "வலி எல்லாம் இல்லை சார்" என்று சொல்லிவிட்டார். சீட்டிலும் குறட்டை இல்லை என்று எழுதியாயிற்று. அந்தப் பிள்ளை ஒரு வருடம் சளி மருந்திலேயே ஓடினான். என்னிடம் வந்தபோது நான் ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. பிள்ளை தூங்குவதைப் போனில் எடுத்து வாருங்கள் என்றேன், அவ்வளவுதான். மறுநாள் காட்டிய அந்த ஒரு நிமிடப் படத்தில் எல்லாம் இருந்தது.

நீங்களும் அதையே செய்யுங்கள். அவன் தூங்கி இரண்டு மணி நேரம் ஆன பிறகு ஒரு தடவை, விடியற்காலை நான்கு மணி வாக்கில் ஒரு தடவை. விடியலில் ஆழ்ந்து கனவு காணும் தூக்கத்தில்தான் தொண்டைத் தசை மிகவும் தளரும். சிறிய விளக்கு ஒன்றைப் போட்டு, சட்டையைக் கழற்றி, முகத்திலிருந்து வயிறு வரை தெரிகிற மாதிரி இரண்டு மூன்று நிமிடம் எடுங்கள். சத்தம் பதிவாக வேண்டும், ஃபேனைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கழுத்தைப் பின்னுக்கு வளைத்து, தாடையைத் தூக்கி வைத்துத் தூங்குகிறானா? மூச்சை இழுக்கும்போது கழுத்துக் குழியும் விலா எலும்புக்குக் கீழேயும் உள்வாங்குகிறதா? நெஞ்சு தாழும்போது வயிறு மட்டும் தனியாக எழும்புகிறதா? நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டே இருக்க, மூக்கு வாயில் சத்தம் மட்டும் நின்றுபோகிறதா? அந்த இடைவெளியில் அவன் இரண்டு மூச்சு விடும் நேரம் கடந்துவிட்டால் அதற்குப் பெயர் உறக்க மூச்சடைப்பு. தலையணை வியர்வையில் நனைவது, கட்டில் முழுக்க உருள்வது, நின்றுபோன படுக்கை நனைப்பு மறுபடி வருவது, இவையும் கணக்கில் சேரும்.

பகலில் இவன் தூங்கி வழிவான் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரியவர்களுக்குத்தான் அப்படி. பிள்ளைகள் நேர்மாறாக ஓரிடத்தில் உட்காராமல், சிடுசிடுவென்று, பாடத்தில் கவனம் இல்லாமல் இருப்பார்கள். "சேட்டை தாங்க முடியலை" என்று வகுப்பிலிருந்து புகார் வரும். சாப்பாட்டு நேரத்திலும் கவனியுங்கள். மூக்கு அடைத்த பிள்ளையால் வாயை மூடி மெல்ல முடியாது. ஒரு வாய் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, மூச்சுக்காக வாயைத் திறந்து, பிறகு மெல்லும். அரைத் தட்டுச் சோற்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். வீட்டில் அதைப் பிடிவாதம் என்று நினைத்து அடிப்பார்கள். அந்தப் பிள்ளைக்காக எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படும்.

அப்புறம் காது. இதை நான் என் தப்பிலிருந்து கற்றுக்கொண்டேன். வேலைக்கு வந்த புதிதில், வேறு ஊரில், ஒரு ஆறு வயதுப் பெண் பிள்ளை மூக்கடைப்பு என்று வந்தாள். தொண்டையைப் பார்த்தேன், டான்சில் சின்னது. பயப்பட ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன். நான்கு மாதம் கழித்து அவளுடைய டீச்சரே கூட்டி வந்தார். "பின் பெஞ்சில் உட்கார வைத்தால் ஒன்றும் எழுத மாட்டேன் என்கிறாள், முன்னால் உட்கார வைத்தால் நன்றாக எழுதுகிறாள், காது கேட்கிறதா என்று பாருங்கள்" என்றார். இரண்டு செவிப்பறைக்கும் பின்னால் பசை மாதிரி நீர் கட்டியிருந்தது. அடினாய்டு மூக்கின் பின்பக்கத்தை முழுதாக அடைத்திருந்தது. காதிலிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு வரும் காற்றுக்குழாயின் வாய் அடினாய்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே அடைப்பும் கிருமியும் சேர்ந்தால் காதுக்குள் நீர் தங்கும். வலிக்காது, சீழ் வராது. சத்தம் மட்டும் பஞ்சு வைத்தாற்போல் மங்கிப்போகும். கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற டாக்டர் 1868இல் அடினாய்டை முதன்முதலில் விளக்கி எழுதியதே, காது மந்தமாகவும் பேச்சு மூக்கடைத்தாற்போலவும் இருந்த நோயாளிகளைப் பார்த்துத்தான். புத்தகத்தில் படித்திருந்தும் நான் காதைப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து மூக்கடைப்பு என்று வரும் எந்தப் பிள்ளைக்கும் காதைப் பார்க்காமல் சீட்டு எழுதுவதில்லை. உங்கள் மகன் டிவியை அதிக சத்தத்தில் வைக்கிறானா, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புகிறானா என்று பாருங்கள். செவிப்பறை அசைவைப் பார்க்கும் இம்பீடன்ஸ் பரிசோதனை ஐந்து நிமிட வேலை, வலி கிடையாது. கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். நீர் இருந்தாலும் உடனே எதுவும் செய்ய வேண்டியதில்லை. மூன்று மாதத்தில் நிறையப் பேருக்குத் தானாக வடிந்துவிடும். அதற்கு மேலும் நின்றால்தான் அடினாய்டை எடுப்பது, செவிப்பறையில் குட்டிக் குழாய் வைப்பது என்ற பேச்சு வரும்.

மூன்றாம் கிரேடு என்றால் பயந்துவிட்டீர்கள். தொண்டையின் அகலத்தில் பாதிக்கு மேல் முக்கால் வரை டான்சில் அடைத்திருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். நோயின் கடுமையை அது சொல்லாது. நான்காம் கிரேடு டான்சிலோடு சத்தமில்லாமல் தூங்கும் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் கிரேடோடு மூச்சு திணறும் பிள்ளைகளும் உண்டு. வெறுமனே தொண்டையைப் பார்த்து முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. 1934இல் அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் நியூயார்க்கில் 1000 பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 611 பேருக்கு ஏற்கெனவே டான்சிலை எடுத்தாயிற்று. மீதி 389 பேரை டாக்டர்களிடம் காட்டினார்கள், 174 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு டாக்டர்களிடம் காட்டினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு எடுக்க வேண்டும் என்றார்கள். மிச்சமிருந்த 116 பேரை மூன்றாம் தடவை காட்டியபோதும் பாதிக்குக் கொஞ்சம் குறைவான பேருக்கு அதே பதில்தான். பிள்ளைகள் மாறவில்லை, தொண்டை மாறவில்லை. ஒவ்வொரு தடவையும் வரிசையில் நின்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு எடுக்க வேண்டும் என்ற பதில்தான் வந்தது. இதைப் படித்த நாளிலிருந்து, ராத்திரி எப்படித் தூங்குகிறான் என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

காய்ச்சல் கணக்கு தனி. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு ஆறு. அதில் எத்தனை உண்மையான டான்சில் காய்ச்சல்? மூக்கு ஒழுகி, இருமலோடு வருவது பெரும்பாலும் வைரஸ் சளி. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு வருடத்துக்கு ஆறேழு தடவை வரத்தான் செய்யும், அதற்கு டான்சிலை எடுத்துப் பிரயோஜனமில்லை. டான்சில் காய்ச்சலில் இருமல் இருக்காது. காய்ச்சல் 101 டிகிரியைத் தாண்டும், விழுங்க முடியாது, தாடைக்குக் கீழே நெறி கட்டும், டான்சில் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். இந்த மாதிரி ஒரே வருடத்தில் 7 தடவை, அல்லது இரண்டு வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் தொடர்ந்து வருடத்துக்கு 3 தடவை வந்தால் எடுப்பதைப் பற்றிப் பேசலாம் என்பது பல நாடுகளில் பின்பற்றும் அளவுகோல். பிட்ஸ்பர்க் நகரத்து டாக்டர் ஜாக் பாரடைஸ் 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. அதனால் ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேதி, காய்ச்சல் எவ்வளவு, இருமல் இருந்ததா, என்ன மருந்து. ஞாபகத்திலிருந்து சொன்னால் கூடுதலாகத்தான் வரும், எல்லாத் தாய்க்கும் அப்படித்தான்.

இன்னொன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வந்த தொண்டைப் புண் என்று டாக்டர் முடிவு செய்து பத்து நாளுக்கு ஆன்டிபயாட்டிக் எழுதினால், பத்து நாளும் கொடுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியதும் நிறுத்திவிட்டு, மீதியை அடுத்த தடவைக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தக் கிருமியை அரைகுறையாக விட்டால் வாத காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்கலாம். அதே மாதிரி, சாதாரணச் சளிக்கு மெடிக்கல் கடையில் நின்று ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம்.

வீட்டில் காத்திருக்காமல் உடனே கிளம்ப வேண்டிய சில நிலைகள் உண்டு. வாயைத் திறக்க முடியாமல், எச்சில் வழிந்து, குரல் சூடான கிழங்கை வாயில் வைத்துப் பேசுவது போல் மாறினால் டான்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கலாம். ஒரு பக்கத்து டான்சில் மட்டும் வாரக்கணக்கில் வளர்ந்துகொண்டே போனால் அதற்கும் காரணம் தேட வேண்டும். டான்சில் மேல் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்து, கழுத்து வீங்கினால் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோயாக இருக்கலாம். போனது என்று நினைத்த நோய், 2016இல் மலப்புரத்தில் திரும்பி வந்தது. பள்ளியில் சேர்க்கும் வயதுத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையை எடுத்து இன்றைக்கே பாருங்கள்.

சரி, மருந்துக்கு வருவோம். பெரிதாகிவிட்ட டான்சிலைச் சுருக்கும் மாத்திரையோ டானிக்கோ கிடையாது. அடினாய்டுக்கு மட்டும் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே ஓரளவு வேலை செய்யும். மொமெட்டசோன், ஃப்ளூட்டிகசோன் என்ற பெயரில் வரும். ஸ்டீராய்டு என்றதும் பதற வேண்டாம், மூக்கில் தங்கி வேலை செய்யும் மிகச் சிறிய அளவு அது. ஆனால் ஒரு வாரம் அடித்துப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று தூக்கிப் போடுகிறார்கள். குறைந்தது ஆறு வாரம் தினமும் அடித்தால்தான் தெரியும். அடிக்கும் விதமும் முக்கியம். முதலில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு விட்டு மூக்கைச் சிந்த வையுங்கள். தலையை அண்ணாந்து பார்க்க விடாமல் லேசாகக் குனிய வையுங்கள். வலது மூக்குக்கு இடது கையால், இடது மூக்குக்கு வலது கையால் பிடித்தால் ஸ்பிரேயின் முனை வெளிப்பக்கம், காதைப் பார்த்துத் திரும்பும். நடுத்தண்டில் நேராகப் பட்டால் புண்ணாகி ரத்தம் வரும். அடித்ததும் ஓங்கி உறிஞ்சச் சொல்லாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும்.

மான்டெலுகாஸ்ட் என்ற மாத்திரையும் சிலர் எழுதுவார்கள். லேசான அடைப்புக்கு உதவலாம். ஆனால் சில பிள்ளைகளுக்கு அது கெட்ட கனவு, எரிச்சல், மன மாற்றம் தரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020இல் இதற்குத் தன் உச்சபட்ச எச்சரிக்கையைப் போட்டது. கொடுக்க ஆரம்பித்த பின் பிள்ளையின் குணம் மாறினால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஹோமியோபதி உருண்டையைப் பற்றி என் அபிப்பிராயம் கேட்டால், அதனால் டான்சில் சுருங்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு மூன்று மாதம் நாலு நாள் மாதிரி அல்ல, அந்தக் காலம் முழுக்க அவன் சரியாகத் தூங்கவில்லை. தொக்கம் எடுப்பது, விரலில் சாம்பலோ உப்போ தொட்டு டான்சிலை அழுத்தித் தேய்ப்பது, இதை மட்டும் யார் சொன்னாலும் செய்யவிடாதீர்கள். ரத்தம் கொட்டி வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

ஐஸ்கிரீம், தயிர், வாழைப்பழம் இவற்றால் டான்சில் வளராது. நிறுத்தினாலும் சுருங்காது. அதைவிட வீட்டுக் காற்றைப் பாருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் காலத்தில் நம் வீட்டுச் சுவர்கள் வியர்க்கும், பீரோவுக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிக்கும், துணி நாள்கணக்கில் காயாமல் படுக்கையறையில் தொங்கும். ஒவ்வாமை உள்ள பிள்ளையின் மூக்கு அந்த மூன்று மாதமும் அடைத்தே இருக்கும். படுக்கும் அறையில் ஈரத்துணி போடாதீர்கள். வெயில் முகம் காட்டும் நாளில் தலையணையையும் பாயையும் வெளியே போடுங்கள். கொசுவத்திச் சுருள், சாம்பிராணிப் புகை வேண்டாம், கொசுவலை போதும். நம் பக்கம் பல வீடுகளில் பீடி சுற்றுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படி என்றால் தட்டை வைத்துச் சுற்றும் இடமும் பிள்ளை படுக்கும் இடமும் ஒன்றாக இருக்கக் கூடாது. புகையிலைத் தூள் பறந்தால் மூக்கை உறுத்தும். சுற்றி முடித்ததும் கை கழுவி, சேலை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கச் சொல்லுங்கள். பிழைப்பை விடச் சொல்லவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறேன். வீட்டுக்குள் யாராவது புகை பிடித்தால் அது ஒரு நாளும் வேண்டாம்.

இனி அறுவை சிகிச்சை. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான ஆய்வு 2013இல் அமெரிக்காவில் வந்தது. உறக்க மூச்சடைப்பு உள்ள, 5 முதல் 9 வயது வரையான 464 பிள்ளைகள். பாதிப் பேருக்கு டான்சிலும் அடினாய்டும் எடுத்தார்கள், பாதிப் பேரைக் காத்திருக்க வைத்தார்கள். ஏழு மாதம் கழித்து உறக்கப் பரிசோதனை செய்தபோது, எடுத்தவர்களில் 79 சதவீதம் பேருக்கு மூச்சு சீராகிவிட்டது. காத்திருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்கு சீராகிவிட்டது. நான் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்தே எல்லாப் பெற்றோரிடமும் சொல்வேன். கவனத்தை அளக்கும் சோதனையில் இரண்டு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. நடத்தை, தூக்கம், வீட்டில் நிம்மதி இவற்றில் எடுத்தவர்கள் பக்கம் தெளிவாக முன்னேற்றம். மிகக் கடுமையான மூச்சடைப்பு இருந்த பிள்ளைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். அவர்களைக் காக்க வைக்கக் கூடாது. எடை அதிகமுள்ள பிள்ளைகளுக்கு எடுத்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம்.

உங்கள் மாமியாரின் பயத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அந்த இனத்துச் சதை நாக்கின் அடியிலும் தொண்டையின் பின்சுவரிலும் இன்னும் நிறைய இருக்கிறது, உடம்பு முழுக்க நெறிக்கட்டிகள் இருக்கின்றன. எடுத்த பிள்ளைகளுக்கு எதிர்ப்பு சக்தி படுத்துவிடுவதை நாங்கள் பார்ப்பதில்லை. 2018இல் டென்மார்க்கில் ஏறத்தாழ 12 லட்சம் பிள்ளைகளின் பதிவேடுகளைப் பார்த்த ஆய்வு ஒன்று, சிறு வயதில் எடுத்தவர்களுக்குப் பிற்காலத்தில் சுவாச நோய்கள் சற்று அதிகம் என்றது. அது சதையை எடுத்ததாலா, முதலிலேயே சளி அதிகமுள்ள பிள்ளைகளுக்குத்தான் எடுத்தார்கள் என்பதாலா என்று பதிவேட்டை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. இருந்தாலும் காரணமில்லாமல் எடுக்கக் கூடாது என்ற எச்சரிக்கையாக நான் அதை எடுத்துக்கொள்கிறேன். ஆச்சியிடம் இப்படிச் சொல்லுங்கள்: "காவலுக்கு நின்ற ஆளே வாசலை அடைத்து நிற்கிறான், அவனை விலக்குகிறோம், வீட்டில் வேறு காவல் இருக்கிறது."

எடுப்பதாக முடிவானால் டாக்டரிடம் இவற்றைச் சொல்ல மறக்காதீர்கள். குடும்பத்தில் யாருக்காவது பல் பிடுங்கினாலோ, பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போயிருக்கிறதா. ஆடும் பல் இருக்கிறதா. இரண்டு வாரத்துக்குள் சளிக் காய்ச்சல் வந்ததா. அவன் உள்நாக்கு நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால் அண்ணத்தில் மறைந்த பிளவு இருக்கலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அடினாய்டை முழுதாக எடுத்தால் பேசும்போது மூக்கு வழியாகக் காற்று போகும். அதற்கென்று வேறு முறை இருக்கிறது. முழு மயக்கத்தில், வாய் வழியாகவே செய்வோம். கழுத்தில் வெட்டு கிடையாது. சாதாரணக் கருவியால் எடுப்பது, கோப்ளேஷன் என்னும் கருவியால் எடுப்பது, இரண்டுமே நல்லவைதான். கருவியின் பெயரைவிட மயக்க மருந்து டாக்டர் சிறு பிள்ளைகளிடம் பழகியவரா, ராத்திரி ஆள் இருக்கும் ஆஸ்பத்திரியா என்று பாருங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தாலோ, மூச்சடைப்பு கடுமையாக இருந்தாலோ அன்று ராத்திரி அங்கேயே தங்க வைத்துத்தான் அனுப்ப வேண்டும்.

நம் ஊருக்கே உரிய ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். டான்சில் எடுத்த பிறகு ரத்தக் கசிவுக்கு இரண்டு ஆபத்தான வேளை. ஒன்று முதல் 24 மணி நேரம், அப்போது ஆஸ்பத்திரியில் இருப்பான். இன்னொன்று ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை, புண்ணின் மேல் படிந்த வெள்ளை உதிரும் நேரம். நூறு பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரை அப்போது கசியலாம். நன்றாக ஆகிவிட்டான் என்று நினைக்கும் நாள்கள் அவை. புளியரையில் நீங்கள் இருக்கிறீர்கள், அறுவை சிகிச்சை புனலூரிலோ கொல்லத்திலோ திருவனந்தபுரத்திலோ என்றால், நடுராத்திரி மழையில், லாரிகள் அடைத்து நிற்கும் மலைச்சாலையில் எஸ் வளைவைத் தாண்டித் திரும்பிப் போக முடியுமா என்று முன்கூட்டியே யோசியுங்கள். ஒன்று தென்காசியிலோ பாளையங்கோட்டையிலோ செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் கசிந்தால் எங்கே ஓடுவது என்று செய்த டாக்டரிடமே கேட்டு, பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயரை எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்துக்கு எஸ்டேட், மாமா வீடு, கோயில் பயணம் எதுவும் வேண்டாம். எச்சிலில் மெல்லிய சிவப்புக் கோடு சரி. புது ரத்தம் துப்பினாலோ, தூக்கத்தில் அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தாலோ, காப்பித்தூள் மாதிரி வாந்தி எடுத்தாலோ நேரம் பார்க்காமல் கிளம்புங்கள்.

அந்த வெள்ளைப் படலம் சீழ் இல்லை, தொடாதீர்கள். வாய் நாறும், காது வலிக்கும், இரண்டும் போய்விடும். வலி நான்காம் ஐந்தாம் நாளில் கூடும், அதை நினைத்து முதலிலேயே பாராசிட்டமாலை அழுதபின் என்று இல்லாமல் மணிப்படி கொடுங்கள். ஆஸ்பிரின் கூடாது. கோடீன் கலந்த மருந்து 12 வயதுக்குக் கீழே கூடவே கூடாது. குடிப்பது நின்றால்தான் தொண்டை காய்ந்து வலி கூடும், அதனால் அரை மணிக்கு ஒரு வாய் தண்ணீர், இளநீர், நுங்கு, குளிர்ந்த உளுந்தங்கஞ்சி. ஐஸ்கிரீமைத் தாராளமாகக் கொடுங்கள். மூன்றாம் நாளிலிருந்து குழைந்த சாதத்தில் எலுமிச்சை பிழியாத, காரமில்லாத சொதி ஊற்றிப் பிசைந்து கொடுத்தால் நம் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். முறுக்கும் சிப்ஸும் இரண்டு வாரம் கண்ணில் படக் கூடாது. முதல் வாரம் வீக்கத்தால் குறட்டை அப்படியேதான் இருக்கும், வீணாகிப்போயிற்று என்று கலங்காதீர்கள்.

உங்கள் மகனைப் பற்றி நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்தியது காய்ச்சலோ மூன்றாம் கிரேடோ அல்ல, 'மூச்சு நின்றாற்போல் இருந்துவிட்டு' என்ற அந்த வரி. படத்தில் அது வாரத்தில் பல ராத்திரி தெரிந்தால், விலா உள்வாங்கினால், புனலூர் டாக்டர் சொன்னதையே நானும் சொல்வேன். சாரல் முடியட்டும் என்று தள்ளிப்போட மாட்டேன். எப்போதாவது ஒரு ராத்திரி, சளி பிடித்த நாளில் மட்டும் என்றால் ஆறு வாரம் ஸ்பிரே அடித்து, காதைப் பரிசோதித்து, மறுபடி படம் எடுத்துப் பார்ப்பேன். இரண்டுக்கும் நடுவில் நின்றால் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, உறக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். எங்கே போனாலும் எக்ஸ்ரேயோடு அந்தப் போனையும், காய்ச்சல் குறித்த நாட்காட்டியையும் எடுத்துப் போங்கள். அந்தப் பக்கம் போனால், கூர்க்கம்வலி உண்டு என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.